ஐயா நிமிர்ந்து பார்த்தார்

1

போன வருடம் ஒரு செவ்வாய்க்கிழமை. ஆபீசில் லீவு சொல்லிவிட்டு அப்பாவோடு முன்சீப் கோர்ட்டுக்குப் போயிருந்தேன். தென்மாவட்டத்தில் ஒரு சின்ன ஊர். வழக்கும் சின்னதுதான். எங்கள் வீட்டுக்குப் பின்னாலிருந்து வயலுக்குப் போகிற ஒன்பதடிப் பாதை. பக்கத்து நிலத்தை வாங்கியவர் குறுக்கே வேலி போட்டார், அப்பா வழக்குப் போட்டார். எட்டு வருடம் ஆகிவிட்டது. அதற்குள் நான் மூன்று கம்பெனி மாறி, கல்யாணம் முடித்து, ஒரு பெண்குழந்தைக்கு அப்பாவாகிவிட்டேன். பாதையில் வேலிக்காத்தான் ஆளுயரம் வளர்ந்து நிற்கிறது.

அன்றைக்கு அப்பாவுக்குக் குறுக்கு விசாரணை. சுவரில் ஒட்டியிருந்த பட்டியலை எண்ணிப் பார்த்தேன், 74 வழக்குகள். டவாலி பெயர்களைக் கூப்பிடுவதும், வக்கீல்கள் எழுந்து தலைகுனிந்து வாய்தா கேட்பதும், பெஞ்ச் கிளார்க் தேதி சொல்வதுமாகக் காலை முழுக்க ஓடியது. நீதிபதிக்கு என்னைவிட இரண்டு மூன்று வயது கூட இருக்கலாம். தலையைத் தூக்கவே நேரமில்லை. ஒரு கட்டு போனால் அடுத்த கட்டு.

மதியத்துக்கு மேல் அப்பாவின் முறை வந்தது. எதிர்த்தரப்பு வக்கீல் வழக்கமான கேள்விகளைக் கேட்டுக்கொண்டே வந்து, "அந்தப் பாதையை நீங்க எந்தக் காலத்திலயும் அனுபவிக்கலைன்னு சொல்றேன்" என்றார்.

அப்பா கொஞ்சம் யோசித்தார். "எங்கம்மா பொணமே அந்த வழியாத்தானய்யா போச்சு. வேற வழி ஏது?"

நீதிபதி கட்டிலிருந்து கண்ணை எடுத்தார். "எந்த வருசம்?"

"எண்பத்தேழுங்கய்யா. ஐப்பசி. நல்ல மழை."

அவர் டைப்பிஸ்ட் பக்கம் திரும்பி என்னவோ சொன்னார். எங்களுக்குக் கேட்கவில்லை. ஆக மொத்தம் பதினோரு நிமிடம். அடுத்த வாய்தா இரண்டு மாதம் கழித்து.

திரும்பி வரும் பஸ்ஸில் நான் கடுப்பில் இருந்தேன். பதினோரு நிமிடத்துக்காக ஒரு நாள் லீவு, இரண்டு ராத்திரி பஸ் பயணம். அப்பா ஜன்னலோரம் உட்கார்ந்து கடலை தின்றுகொண்டிருந்தார். ரொம்ப நேரம் கழித்துச் சொன்னார்: "ஐயா இன்னிக்கு என்னைய நிமிந்து பாத்தாருடா."

எட்டு வருடத்தில் அவருக்குக் கிடைத்த நீதி அதுதான் என்பதுபோலச் சொன்னார். அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. லேப்டாப்பைத் திறந்து, பத்து வருடம் முன்னால் பார்த்த 'கோர்ட்' படத்தை மறுபடி பார்த்தேன். இந்தக் கட்டுரை அந்தப் படத்தைப் பற்றியது. அப்பா சொன்ன அந்த வாக்கியத்தைப் பற்றியதும்கூட.

2

சைதன்ய தம்ஹானேயின் 'கோர்ட்' 2014-இல் வெனிஸ் திரைப்பட விழாவில் முதலில் திரையிடப்பட்டது. சிறந்த திரைப்படத்துக்கான தேசிய விருதும் கிடைத்தது. அப்போது இயக்குநருக்கு வயது 27. அந்த வயதில் நான் இன்னொருவர் எழுதிய நிரலில் பிழை தேடிக்கொண்டிருந்தேன்.

கதையை இரண்டு வரியில் சொல்லலாம். நாராயண் காம்ப்ளே என்ற வயதான தலித் பாடகர் மும்பையின் குடியிருப்புகளில் மேடைபோட்டுப் பாடுகிறவர். அவர் பாட்டைக் கேட்டுத்தான் ஒரு துப்புரவுத் தொழிலாளி பாதாளச் சாக்கடைக்குள் இறங்கித் தற்கொலை செய்துகொண்டார் என்று போலீஸ் வழக்குப் போடுகிறது. இந்திய தண்டனைச் சட்டம் 306, தற்கொலைக்குத் தூண்டியது. மீதிப் படம் முழுக்க விசாரணை.

இதைக் கேட்டதும் உங்கள் மனதில் ஒரு படம் ஓடியிருக்கும். அந்தப் படம் இது இல்லை. யாரும் மேசையைத் தட்டுவதில்லை, வசனம் பேசுவதில்லை. கேமரா அறையின் ஒரு மூலையில் நின்றுகொண்டு அசையாமல் பார்க்கிறது. ஓரத்தில் வேறு வழக்குக்கு வந்தவர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள், ஆட்கள் வந்து போகிறார்கள். காம்ப்ளேயின் வழக்கு அந்த நாளின் பல வழக்குகளில் ஒன்று. கையில்லாத ரவிக்கை போட்டு வந்ததற்காக ஒரு பெண்ணின் வழக்கை எடுக்க நீதிபதி மறுத்துவிடுகிறார், அடுத்த தேதி. கோபமில்லாமல், விதியை எடுத்துச் சொல்கிற தொனியில்.

நீதிபதி சதாவர்தே கெட்டவர் இல்லை என்பதை முதலில் சொல்லவேண்டும். நேரத்துக்கு வருகிறார். இரு தரப்பையும் பேச விடுகிறார். லஞ்சம் கிடையாது, கத்தல் கிடையாது. அரசு வக்கீல் நூதனும் கெட்டவர் இல்லை. மின்சார ரயிலில் வீட்டுக்குப் போகும் வழியில் சேலை பற்றிப் பேசுகிறார், பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போய் இரவுச் சமையலைப் பார்க்கிறார். அதே நூதன் சக வக்கீல்களோடு பேசும்போது, இந்த ஆளுக்கு இருபது வருடம் கொடுத்து முடித்துவிட்டால் தேவலை என்ற அர்த்தத்தில் சலித்துக்கொள்கிறார். ஒரே முகங்களைத் திரும்பத் திரும்பப் பார்ப்பது அவருக்கு அலுத்துவிட்டது. அதில் வன்மம் இல்லை. மாசக் கடைசியில் நானும் என் டீமில் யாரிடமாவது இதே தொனியில்தான் பேசுவேன்: "இந்த டிக்கெட்டை எப்படியாவது மூடிருப்பா."

படத்தின் மையமாக நான் நினைப்பது நீதிபதி டைப்பிஸ்ட்டுக்குச் சொல்லி எழுதவைக்கும் இடங்கள். சாட்சி மராத்தியிலோ இந்தியிலோ ஏதோ சொல்கிறார். நீதிபதி அதைச் சுருக்கி, ஆங்கிலத்தில், சட்டத்துக்கு ஏற்ற வாக்கியமாக மாற்றிச் சொல்கிறார். தட்டச்சு ஓடுகிறது. சாட்சி சொன்னதற்கும் தாளில் ஏறியதற்கும் இடையில் ஒரு சின்ன இடைவெளி. நம் நீதி முழுவதும் அந்த இடைவெளிக்குள்தான் நடக்கிறது என்று தம்ஹானே சத்தமில்லாமல் காட்டிவிடுகிறார்.

இறந்தவரின் மனைவி கூண்டில் ஏறுகிற காட்சியைப் பாருங்கள். புருஷன் சாக்கடைக்குள் எப்படி இறங்குவார் என்று வக்கீல் கேட்கிறார். உள்ளே கரப்பான்பூச்சி இருக்கிறதா என்று பார்ப்பாராம். பூச்சி உயிரோடு இருந்தால் மூச்சுவிடக் காற்று இருக்கிறது என்று அர்த்தம். நாற்றம் தாங்குவதற்குக் குடிப்பார். விஷவாயுவில் ஏற்கெனவே ஒரு கண் போய்விட்டது. பாதுகாப்பு உபகரணம் எதுவும் கிடையாது. இவ்வளவையும் அந்தப் பெண் அழாமல், குரலை உயர்த்தாமல் சொல்கிறார். தற்கொலை இல்லை, கொலைக்குப் பக்கத்தில் வருகிற அலட்சியம் என்று நமக்குப் புரிந்துவிடுகிறது. நீதிமன்றத்துக்கும் ஓரளவு புரிகிறது, ஜாமீன் கிடைக்கிறது. ஆனால் அந்த ஆளைப் பாதுகாப்பில்லாமல் உள்ளே இறக்கியது யார் என்ற கேள்வியை அந்த அறையில் யாரும் எடுப்பதில்லை. வழக்கின் தலைப்பு அது இல்லையே. கட்டில் இல்லாத கேள்வி உலகத்திலேயே இல்லை.

முதல் தடவை பார்த்தபோது இதை 'அமைப்பின் கொடூரம்' என்று நோட்டில் எழுதிவைத்தேன். இப்போது அந்த வார்த்தை எனக்குப் போதவில்லை. கொடூரம் என்றால் யாரோ உன்னைப் பார்த்துச் செய்வது. இங்கே யாரும் யாரையும் பார்ப்பதே இல்லை.

3

நம் ஊரில் நீதி என்றதும் நினைவுக்கு வருவது மனுநீதிச் சோழன். சென்னை உயர் நீதிமன்ற வளாகத்திலேயே சிலை இருக்கிறது. கன்றை இழந்த பசு மணியடித்தது, மகன் என்றும் பாராமல் அவனைத் தேர்க்காலில் இட்டார் அரசர். அடுத்து பாண்டியன் நெடுஞ்செழியன். தவறு என்று தெரிந்த கணத்தில் உயிரை விட்டவர். இரண்டு கதையிலும் நாம் கொண்டாடுவது நீதிபதியின் ஆளுமையை, அவர் கொடுத்த விலையை.

ஆனால் சிலப்பதிகாரத்தை வழக்குக் கட்டுபோல ஒருமுறை படித்துப் பாருங்கள். கோவலன் ஏன் செத்தான்? அரசன் கொடியவன் என்பதாலா? இல்லை. ஊடல் கொண்டு போன அரசியைத் தேடி அவன் அந்தப்புரத்துக்குப் போய்க்கொண்டிருந்தான். வழியில் பொற்கொல்லன் வந்து திருடன் அகப்பட்டான் என்றான். நின்று விசாரிக்க நேரமில்லை. ஒரு சாட்சியின் சொல், சோதிக்கப்படாத ஒரு பொருள், போகிற போக்கில் ஒரு உத்தரவு. குற்றம் சாட்டப்பட்டவனைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்கவில்லை. பிறகு கண்ணகி வந்து சிலம்பை உடைத்துக் காட்டியபோது விஷயம் ஒரு நிமிடத்தில் முடிந்துபோனது. உள்ளே இருப்பது முத்தா மாணிக்கமா, அவ்வளவுதான். அந்த ஒரு நிமிடச் சோதனையை முன்பே செய்திருந்தால் மதுரை எரிந்திருக்காது.

இளங்கோ எழுதியிருப்பது கவனம் தவறிய ஒரு நீதிபதியின் கதை. அவன் அவசரத்தை நாம் மறந்துவிட்டோம், அவன் மரணத்தை மட்டும் வைத்துக்கொண்டோம். மரணத்துக்கு நாடக அழகு இருக்கிறது. அவசரத்துக்கு என்ன இருக்கிறது?

தமிழ் சினிமாவின் கோர்ட்டுகள் இதையே தொடர்ந்தன. 1952-இல் 'பராசக்தி'யில் குணசேகரன் பேசிய நாளிலிருந்து நம் கோர்ட் ஒரு மேடை. நீதிபதி அங்கே முக்கியமான பார்வையாளர். பேச்சு அவரை உலுக்கவேண்டும். 'பராசக்தி'யில் அந்த நாற்காலியில் இருப்பவர் அண்ணனே என்பதால் உலுக்கலுக்கும் குறைவில்லை. நாம் வளர்ந்தது இந்த அழகியலில். அதைக் குறை சொல்லவில்லை, வாயில்லாத ஒருவனுக்கு வாய் கிடைக்கிற கணம் எந்தக் கலையிலும் பெரிய கணம்தான். ஆனால் அது ஒரு பக்கத்தை மட்டுமே பழக்கியது. பேசுவது எப்படி என்று ஆயிரம் படம் சொல்லிக்கொடுத்தது. கேட்பது எப்படி என்று சொல்லித்தர ஆளில்லை.

2021-இல் வந்த 'ஜெய் பீம்' இந்த மரபின் குழந்தைதான், சூர்யாவின் நடையிலேயே அது தெரியும். ஆனால் அதில் எனக்குப் பிடித்த இடம் அவர் பேசுகிற இடம் இல்லை. ஆட்கொணர்வு மனுவில் சாட்சிகளை நிறுத்தி விசாரிப்பது வழக்கமில்லை. அதற்கு அனுமதி கேட்கிறார் சந்துரு. கேரளத்தின் ராஜன் வழக்கை முன்னுதாரணமாக எடுத்துவைக்கிறார். நீதிபதிகள் யோசிக்கிறார்கள், ஒப்புக்கொள்கிறார்கள். மீதிக் கதை நடப்பதே அந்த ஒப்புதலால்தான். வழக்கத்தைவிடக் கொஞ்சம் கூடுதலாகக் கேட்போம் என்று பெஞ்ச் எடுத்த அந்த முடிவுக்குப் பின்னணி இசை கிடையாது. விசில் அடிக்கவும் யாருக்கும் தோன்றாது.

4

இந்த இடத்தில் என் தொழிலைப் பற்றிச் சொல்லவேண்டும். நான் பார்க்கும் வேலையில் எதைப் பார்த்தாலும் வரிசையாகத் தெரியும். கோரிக்கைகள் உள்ளே வருகின்றன, சர்வர்கள் எடுத்து முடிக்கின்றன, வரிசை நீண்டால் சர்வரைக் கூட்டு. கோர்ட்டையும் ரொம்ப நாள் இப்படித்தான் பார்த்தேன்.

எண்களும் அதற்குத் தோதாகவே இருக்கின்றன. தேசிய நீதித்துறைத் தரவுத் தொகுப்பை யாரும் இணையத்தில் திறந்து பார்க்கலாம். மாவட்ட, கீழமை நீதிமன்றங்களில் மட்டும் நாலு கோடிக்கு மேல் வழக்குகள் நிலுவை. பத்து லட்சம் மக்களுக்கு 50 நீதிபதிகள் வேண்டும் என்று சட்ட ஆணையம் 1987-இலேயே சொன்னது. 2002-இல் உச்ச நீதிமன்றமும் ஐந்து வருடத்துக்குள் அந்த எண்ணிக்கைக்குப் போங்கள் என்றது. இன்றும் 21-ஐ ஒட்டியே நிற்கிறோம். 2023-இல் மின்னணு நீதிமன்றத் திட்டத்தின் மூன்றாம் கட்டத்துக்கு 7,210 கோடி ரூபாய் ஒதுக்கினார்கள். அப்பாவின் போனுக்கே இப்போது வாய்தா தேதி எஸ்எம்எஸ் வருகிறது. குமாஸ்தாவுக்குப் போன் போட்டுக் கெஞ்சத் தேவையில்லை. அந்த ஒரு எஸ்எம்எஸ்ஸுக்காகவே அதை எழுதிய முகம் தெரியாத புரோகிராமருக்கு நன்றி சொல்லவேண்டும்.

ஆனால் 'கோர்ட்' படத்து நீதிபதி மெதுவானவர் இல்லையே. அவர் வேகமாகத்தான் இருக்கிறார். அவரை இரட்டிப்பு வேகமாக்கினால் காம்ப்ளேவுக்கு என்ன கிடைக்கும்? அதே ஜெயில், இரண்டு மடங்கு சீக்கிரமாக.

எங்கள் வேலையில் ஒரு பழைய நோய் உண்டு. எதை அளக்கிறாயோ அது மட்டும் வளரும். மூடிய டிக்கெட்டுகளை எண்ணினால் டிக்கெட்டுகள் மூடப்படும், பிரச்சினைகள் மூடப்படுமா என்பது வேறு விஷயம். கீழமை நீதிபதிகளுக்கும் இப்படி ஒரு கணக்கு உண்டு. வழக்கின் வகைக்கு இத்தனை யூனிட், மாதத்துக்கு இத்தனை முடித்திருக்க வேண்டும். சாட்சி சொன்னதைக் கவனித்துக் கேட்டதற்கு யூனிட் கிடையாது. அதை எப்படி அளப்பது என்று எனக்கும் தெரியவில்லை.

அந்த 74-ஐ மறுபடி எடுத்துக்கொள்வோம். ஐந்து மணி நேரம் என்று வைத்தால் 300 நிமிடம். வழக்குக்கு நான்கு நிமிடம். அன்று நான் பார்த்த காலை நேரம் முழுக்க, சம்மன் போய்ச்சேர்ந்ததா, சாட்சி வந்தாரா, பதிலுரை தாக்கலானதா என்பதிலேயே கழிந்தது. இதில் எதற்கும் சட்டம் படித்த மூளை தேவையில்லை. ஒரு தரப்புக்கு மூன்று வாய்தாவுக்கு மேல் கூடாது என்று உரிமையியல் நடைமுறைச் சட்டம் சொல்கிறது. எங்கள் வழக்கில் எத்தனை வாய்தா என்று அப்பாவின் டைரியில் எண்ணி, நாற்பதைத் தாண்டியதும் நிறுத்திவிட்டேன். அந்த விதியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு வாய்தாவையும் சண்டைபோட்டு மறுக்கவும் நேரம் வேண்டும். அந்த நேரம்தான் இல்லையே.

ஆக, வரிசையைக் குறைப்பது அவசியம்தான். ஆனால் எதற்காகக் குறைக்கிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. தேதி கொடுக்கிற வேலையை நீதிபதியின் மேசையிலிருந்து எடுத்து ஒரு பதிவாளரிடம் கொடுக்கலாம். சம்மன் சார்வு ஆகாத வழக்கு அன்றைய பட்டியலுக்கே வரக்கூடாது. காசோலை மோசடி வழக்குகளுக்கென்று கேரளத்தின் கொல்லத்தில் 2024-இல் முழுக்க இணையவழியிலேயே இயங்கும் நீதிமன்றம் தொடங்கினார்கள். தாளிலேயே பெரும்பாலும் முடிகிற வழக்குகளுக்கு அது சரியான வழி என்றே தோன்றுகிறது. இப்படியெல்லாம் மிச்சமாகும் நிமிடங்களை எங்கே செலவழிப்பது? இன்னும் முப்பது வழக்கைப் பட்டியலில் ஏற்றினால் நாம் ஒன்றும் சாதிக்கவில்லை. கூண்டில் நிற்கிற ஆளிடம் "எந்த வருசம்?" என்று கேட்கச் செலவழித்தால்தான் அதற்குச் சீர்திருத்தம் என்று பெயர்.

1979-இல் பீகார் சிறைகளில் விசாரணைக் கைதிகள் பற்றிச் செய்தித்தாளில் கட்டுரை வந்தது. தாங்கள் செய்ததாகச் சொல்லப்பட்ட குற்றத்துக்கு உரிய தண்டனையைவிட அதிக காலம், விசாரணையே முடியாமல் உள்ளே கிடந்தவர்கள். கபிலா ஹிங்கோரானி அதை எடுத்துக்கொண்டு உச்ச நீதிமன்றம் போனார். ஹுஸைனாரா காதூன் வழக்கு என்று இன்றும் சட்டக் கல்லூரியில் படிக்கிறார்கள். விரைவான விசாரணை வாழும் உரிமையின் பகுதி என்று அந்த வழக்கில்தான் நிலைநாட்டப்பட்டது. ஆயிரக்கணக்கானவர்கள் வெளியே வந்தார்கள். யோசித்துப் பாருங்கள், அவர்கள் ஒவ்வொருவருக்கும் எங்கோ ஒரு கட்டு இருந்திருக்கும். கட்டுகள் தொலைந்துபோகவில்லை. அவற்றிலிருந்து யாரும் தலையைத் தூக்கி ஆளைப் பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

5

நீதிபதி கே. சந்துருவின் 'நானும் நீதிபதி ஆனேன்' பற்றி நண்பர்களிடம் பேச்செடுத்தால் உடனே வரும் விஷயங்கள் சில உண்டு. 'மை லார்ட்' என்று கூப்பிடாதீர்கள் என்றார், காரில் சிவப்பு விளக்கு வேண்டாம் என்றார், பாதுகாவலரைத் திருப்பி அனுப்பினார், ஓய்வு பெற்ற நாளில் மின்சார ரயிலில் வீட்டுக்குப் போனார். நாமும் கண்ணில் நீர் தளும்ப இதையே திரும்பச் சொல்கிறோம். இன்னொரு மனுநீதிச் சோழர் கிடைத்துவிட்டார்.

எனக்கு அவரைப் பற்றிய இன்னொரு தகவல்தான் தூக்கத்தைக் கெடுத்தது. 2006 முதல் 2013 வரை, ஏழு வருடத்துக்கும் குறைந்த காலத்தில் சுமார் 96,000 வழக்குகளை முடித்தார். வருடத்துக்கு 200 வேலை நாள் என்று வைத்து வகுத்துப் பார்த்தால் நாளொன்றுக்கு 70-ஐத் தாண்டுகிறது. ஏறக்குறைய எங்கள் முன்சீப் கோர்ட்டுப் பட்டியல் அளவு!

என் வாதம் இங்கே உடைகிறதா? கவனம் கவனம் என்று இவ்வளவு நேரம் பேசினேன். நாளுக்கு எழுபது வழக்கில் என்ன கவனம் இருக்கமுடியும்?

அவர் வேலை செய்த முறையில் பதில் இருக்கிறது. ஒரே சட்டக் கேள்வி உள்ள மனுக்களைப் பிரித்து ஒன்றாகச் சேர்த்து எடுப்பது. கட்டை முந்தின நாளே படித்துவிட்டு வந்து உட்காருவது. நூறு பேரின் வழக்கில் கேள்வி ஒன்றுதான் என்றால் அதை ஒருமுறை ஆழமாக யோசித்தால் போதும், நூறு முறை மேலோட்டமாக யோசிக்க வேண்டியதில்லை. அப்படி மிச்சம் பிடித்த கவனம், தனித்தன்மையுள்ள வழக்குகளுக்குப் போயிருக்கிறது. பெண் ஏன் கோயிலில் பூசை செய்யக்கூடாது, சுடுகாட்டில் ஏன் சாதி, சத்துணவுக் கூடத்து வேலையில் ஏன் இடஒதுக்கீடு இல்லை. இவற்றில் அவர் எழுதிய தீர்ப்புகள் நான்கு நிமிடத்தில் எழுதக்கூடியவை அல்ல.

ஆகவே அவருடைய எளிமையைவிட அவருடைய பழக்கங்களே நமக்கு உபயோகமானவை என்று நினைக்கிறேன். எளிமை ஒரு மனிதரோடு ஓய்வு பெற்றுவிடும். பழக்கத்தை விதியாக எழுதி அடுத்தவரிடம் கொடுக்கலாம். 96,000-ஐ மட்டும் எடுத்து எல்லா நீதிபதிகளுக்கும் இலக்காக வைத்தால் என்ன ஆகும்? நமக்கு ஆயிரம் சதாவர்தேக்கள் கிடைப்பார்கள்.

6

இனி 'கோர்ட்' படத்தோடு எனக்கு இருக்கும் சண்டை.

கோடை விடுமுறைக்கு முந்தைய கடைசி நாள். காம்ப்ளே வேறொரு சட்டத்தில் மறுபடி கைதாகியிருக்கிறார். உடம்பு சரியில்லை. ஜாமீன் கேட்கிறார் வக்கீல் வினய் வோரா. உயர் நீதிமன்றம் போங்கள் என்கிறார் நீதிபதி. அறை காலியாகிறது, விளக்குகள் ஒவ்வொன்றாக அணைகின்றன, திரை இருட்டாகிறது. அந்த இருட்டு நெடுநேரம் அப்படியே நிற்கிறது. படம் இங்கே முடிந்திருந்தால் நான் எழுந்து நின்று கும்பிட்டிருப்பேன்.

முடியவில்லை. நீதிபதி சொந்தக்காரர்களோடு உல்லாச விடுதிக்குப் போகிறார். பேசுவதில் சிரமமுள்ள ஒரு குழந்தையின் அப்பாவுக்கு எண்கணிதமும் மோதிரக் கல்லும் பரிந்துரைக்கிறார். பெஞ்சில் உட்கார்ந்தபடி தூங்கிப்போகிறார். குழந்தைகள் கூடிக் கத்தி எழுப்ப, ஒரு குழந்தையை அறைகிறார். குழந்தை அழுகிறது. அவர் மறுபடி கண்ணை மூடிக்கொள்கிறார். படம் முடிகிறது.

இந்த முடிவை விமர்சகர்கள் நிறையப் புகழ்ந்தார்கள். முதல் தடவை நானும் கைதட்டினேன். இப்போது இது படத்தின் சறுக்கல் என்று படுகிறது. அதுவரை யாருமே வில்லன் இல்லாத ஒரு அநியாயத்தை நமக்குக் காட்டிவந்த படம், கடைசி நேரத்தில் ஒரு ஆளைக் கையில் கொடுத்துவிடுகிறது. இதோ பார், மூடநம்பிக்கைக்காரர், குழந்தையை அறைகிறவர், தூங்குகிறவர். நமக்கும் நிம்மதியாகிவிடுகிறது. எண்கணிதம் நம்பாத, குழந்தையை அடிக்காத நம்மைப் போன்ற ஒருவர் அந்த நாற்காலியில் இருந்தால் சரியாகிவிடும் என்று வீட்டுக்குப் போகலாம். மனுநீதிச் சோழன் கதையைத் தலைகீழாகத் திருப்பினால் இதுதான் வரும். நல்ல நீதிபதியால் எல்லாம் நல்லதாகும், கெட்ட நீதிபதியால் எல்லாம் கெட்டதாகும். தம்ஹானே ஒன்றே முக்கால் மணி நேரமாக மறுத்துக்கொண்டிருந்தது இந்த எளிமையைத்தானே?

அந்த முன்சீப் கோர்ட்டு நீதிபதியும் விடுமுறையில் எங்காவது போய்த் தூங்குவார். கையில் ராசிக்கல் மோதிரம்கூட இருக்கலாம். நான் கவனித்துப் பார்க்கவில்லை. ஆனால் அவர் நிமிர்ந்து பார்த்தார். மோதிரத்துக்கும் அதற்கும் சம்பந்தம் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

இவ்வளவு சொன்ன பிறகும் இந்தப் படத்தைப் பாருங்கள் என்பேன். நீதிமன்றம் கொடுக்காத கவனத்தை அசையாத அந்தக் கேமரா கொடுக்கிறது. 116 நிமிடம் ஒரு அறையைப் பொறுமையாகப் பார்க்க அது நம்மைப் பழக்குகிறது. அடுத்த தடவை நிஜக் கோர்ட்டுக்குப் போனபோது நான் போனை வெளியே எடுக்கவில்லை.

7

அந்த அடுத்த தடவை போனபோது நாற்காலியில் வேறு நீதிபதி இருந்தார். பழையவர் மாற்றலாகிப் போய்விட்டார். மூன்று வருடத்துக்கு ஒருமுறை இது சகஜம் என்றார் வக்கீல்.

"அப்ப நான் சொன்னதெல்லாம்?" என்று கேட்டார் அப்பா.

"எல்லாம் ரெக்கார்டுல இருக்குண்ணே. புது ஐயா அதைப் படிச்சுத் தீர்ப்புச் சொல்லுவாரு."

அப்பாவின் முகம் சுருங்கியதைப் பார்த்தேன். அவரை நிமிர்ந்து பார்த்தவர் தீர்ப்பு எழுதப்போவதில்லை. எழுதப்போகிறவர் அவரைப் பார்த்ததே இல்லை. இரண்டு பேருக்கும் நடுவில் இருப்பது தட்டச்சு அடித்த சில தாள்கள் மட்டுமே.

நகல் மனு போட்டு அந்தச் சாட்சியத்தை வாங்கினேன். கேள்விகள் மறைந்து எல்லாமே அப்பாவே தானாகச் சொன்னதுபோல அடித்திருந்தார்கள். 'மேற்படி பாதையை நான் எக்காலத்திலும் அனுபவிக்கவில்லை என்றால் சரியல்ல.' வாழ்நாளில் அப்பா இப்படி ஒரு வாக்கியம் பேசியிருக்க மாட்டார். 'என்றால் சரியல்ல', 'என்றால் சரியல்ல' என்று ஒன்றரைப் பக்கம். நடுவில் ஒரு வரி வேறு மாதிரி இருந்தது. '1987-ஆம் வருடம் ஐப்பசி மாதம் மழைக்காலத்தில் என் தாயாரின் பிரேதம் மேற்படி பாதை வழியாகவே எடுத்துச் செல்லப்பட்டது. வேறு வழி கிடையாது.'

அன்றைக்கு டைப்பிஸ்ட் பக்கம் திரும்பி அவர் சொன்னது இதைத்தான். நீண்டகால அனுபவத்தின் பேரில் வழியுரிமை கேட்டால் இருபது வருடம் தடையில்லாமல் அனுபவித்திருக்க வேண்டும் என்கிறது சட்டம். அதனால் அந்த வருடம் வழக்குக்கு முக்கியம். ஐப்பசியும் மழையும் வழக்குக்குத் தேவையே இல்லை. இருந்தும் எழுதவைத்திருக்கிறார்.

வழக்கு இன்னும் முடியவில்லை. எதிர்த்தரப்புச் சாட்சிக்காக நிற்கிறது. புது நீதிபதி எப்படிப்பட்டவர் என்று எங்களுக்குத் தெரியாது. ஆனால் அவர் எப்போது கட்டைத் திறந்தாலும் இரண்டாம் பக்கத்தில் மழை பெய்துகொண்டிருக்கும். அந்த வரிக்கு வரும்போது அவருக்கு ஒரு நிமிடம் நேரம் இருக்கவேண்டும்.

போன வாரம் அப்பாவுக்கு எஸ்எம்எஸ் வந்தது. அடுத்த வாய்தா 18-ஆம் தேதி. லீவு போட்டிருக்கிறேன்.